கண்ணுசாமியின் வலைக்கு என் பல்

மாசி 9, செவ்வாய்

காலையில் பனி. ஏரி மதகுகூடத் தெரியவில்லை. மருமகள் எனக்கு எழுத்துச் சொல்லித்தரத் தொடங்கி நாலு மாதம். நேற்று மேரி ஆபீசில், வரி கட்டுகிற இடத்தில், பெருவிரல் மை வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்தே போட்டேன். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சந்தோஷத்தில் இந்த நோட்டு.

வெள்ளிக்கிழமை அமாவாசை. மணப்பட்டு உப்பங்கழியில் இறால் ஏறியிருக்கிறதாம். கண்ணுசாமி வருவானா? மூன்று அமாவாசையாக வரவில்லை. இருமல் என்கிறான். எனக்கும் கூட்டாளி சவரிமுத்துவுக்கும் வலை வீசக் காட்டிக்கொடுத்தவன் அவன்தான். அவன் இல்லாமல் போனால் இறால் விழுவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. சிரிப்பு இல்லை.

பெயர்களை முழுதாக எழுதினால் விரல் வலிக்கிறது. இனி க., ச.

மாசி 10, புதன்

நெல் காயப்போட்டாயிற்று. மணப்பட்டுக்கு நடந்தேன். க. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினான். ஒரு தடவைகூட இருமவில்லை. அவன் வலை பரணில், தூசியோடு.

திரும்பும்போது கிணற்றடியில் அவன் மனைவி மெதுவாகச் சொன்னது: "இருமலும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணே. முன்பல்லு எல்லாம் போச்சி. வலைய எதால கவ்வுறதாம்? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று! கயிறு மணிக்கட்டில், பாதி வலை முழங்கையில், ஈயக்குண்டு கட்டிய ஓரம் பல்லில். வீசும்போது வாயைத் திறக்கவேண்டும். பல் இல்லையென்றால் வலை விரியாது, மூட்டையாக விழும். மணப்பட்டிலேயே நன்றாக வீசுகிறவன். எவனிடம் போய்ச் சொல்வான்?

நாக்கால் எண்ணிப் பார்த்தேன். எனக்கு முன்பல் நான்கு.

மாசி 12, வெள்ளி

கொண்டுபோக: அரிக்கேன் விளக்கு, பானை, உப்பு, மிளகாய், சுருட்டு. க.வை விளக்குப் பிடிக்க மட்டும் கூப்பிட்டிருக்கிறேன். கரையை விட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டான். வீட்டில் சும்மா கிடக்கிற வலையை ச.வுக்குக் கொடு என்றேன். கொண்டுவருகிறான்.

மாசி 13, சனி

வாய் வலி. இருந்தாலும் எழுதவேண்டும்.

நல்ல இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் இறால் கண்கள் தண்ணீருக்குள் சிவப்புச் சிவப்பாக. ச. வீசினான். கரையிலிருந்து க.வுக்குப் பொறுக்கவில்லை.

"வலை வீசறியா, மூட்டைய எறக்கறியா?"

"அப்ப நீ வந்து வீசேன்டா!" என்றான் ச., ஒன்றும் தெரியாமல்.

க. துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். நான் ச.விடமிருந்து வலையை வாங்கிக்கொண்டு க.விடம் போனேன். "நீ வீசு. ஓரத்த நான் கவ்விக்கிறேன்."

"எவ சொன்னா உனுக்கு?"

"எவளும் சொல்லல. இருமறவன் வாயப் பொத்துவான். சும்மா பேசறவன் எதுக்குடா பொத்தறான்?"

விளக்கை ச.விடம் கொடுத்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினான். "நான் உம்முன்னா வாயத் தொற."

முழங்கால் தண்ணீரில் இருவரும் ஒட்டி நின்றோம். அவன் உடம்பை முறுக்கினான். "உம்!"

மூன்று மாதமாகப் பார்க்காத வீச்சு. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், வாயைத் திறக்கவில்லை. வலை என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. முகம் குப்புற விழுந்தேன். எழுந்தால் உப்பு, ரத்தம்.

ச. விளக்கைக் கிட்டே கொண்டுவந்தான். "அடப்பாவி, பல்லக் காணோம்டா!"

க. என் வாயைப் பார்த்தான். சிரித்தான். துண்டு தோளிலேயே கிடந்தது. அந்தப் பொக்கை வாயை அப்போதுதான் பார்த்தேன்.

"இறாலுக்குப் பல்லு கட்டி உட்டுட்டான்டா இவன்!"

கழியே அதிரச் சிரித்தோம். அடுத்த வீச்சில் சரியாகத் திறந்தேன். வலை வட்டமாக விரிந்தது. அரைப்பானை இறால். விடியும்வரை பேச்சு.

மருமகள்: "இன்னா மாமா, பல்லு எங்க?"

"மணப்பட்டுல."

மாசி 14, ஞாயிறு

இறால் குழம்பு மீதி. மெல்ல முடியவில்லை, ருசி குறையவில்லை. க. மறுபடி வருவானா என்று காலையிலிருந்து நினைப்பு. ஒரு தடவை சிரித்துவிட்டு, திரும்ப வலையைப் பரணில் போட்டுவிட்டால்?

பொழுது சாய்கிறது. தெருவில் சத்தம். எங்கள் பாகூர் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறான், தோளில் வலையோடு.

"டேய், மிச்சம் மூணு இருக்குதா?"

இருக்கிறது. போகிறேன்.