பேச்சிப்பாறைக்குப் போய் வர பதினாறு

12 ஜூன் 2025, வியாழன்

குடியை விட்டு நூற்றுமுப்பத்திரண்டாம் நாள். ஐந்து கிலோமீட்டர், நிற்காமல். வீட்டிலிருந்து பேச்சிப்பாறை அணை எட்டு. போய் வர பதினாறு. ஓடிவிடுவேன். இந்தத் தேவகுமார் சொன்னால் சொன்னதுதான் — குடித்த காலத்தில் மட்டும்தான் அது பொய்.

ரப்பர் பால் வெட்டுகிறவனுக்கு வேலை பதினொன்றுக்குள் முடிந்துவிடும். பிறகு ஒரு முழுச் சாயங்காலம் சும்மா கிடக்கும். இருபது வருடம் அதில்தான் ஊற்றினேன். இப்போது அதே ஐந்தரை மணிக்கு ஷூ மாட்டுகிறேன். மகள் சுபிதா பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பியது. அதைப் போட்டுக்கொண்டு ஒயின்ஷாப் படி ஏற முடியுமா?

கடை முன்னால் தங்கப்பன். பக்கத்துத் தோட்டத்து வெட்டுக்காரன், என் பழைய கூட்டாளி. “ஏலே மக்கா, ஆருலே ஒன்ன வெரட்டுகா?” என்றான். “நீதாம்லே,” என்றேன். நிற்கவில்லை.

திரும்பி வரும்போது மனைவி அஜிதா வாசலில் துண்டோடு நிற்பாள். முகம் துடைக்கத் தருகிற மாதிரி நெருங்கி, மூச்சை ஒரு இழுப்பு இழுப்பாள். மணம் பிடிக்கிறாள். எனக்குத் தெரியாதா? பிடிக்கட்டும். இருபது வருடம் பொய் சொன்ன வாய் இது.

23 ஜூன்

ஏழு கிலோமீட்டர். வயிறு இறங்கியிருக்கிறது, வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் திருவிருந்து. நான் எழும்பவில்லை.

இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்று உண்டு. போன மாதம்தான், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, திருவிருந்துக்கு முழங்காலிட்டேன். அப்பம் வாங்கினேன். பாத்திரம் உதட்டில் பட்டது. எங்கள் சபையில் திராட்சரசம் புளிக்கவைத்தது. ஒரு வாய்தான். ஆனால் எனக்கு ஒரு வாய் என்று ஒன்று கிடையாதே. அன்று சாயங்காலம் ஓடுகிற கால் தானாகக் கடை முன்னால் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம். எப்படியோ திரும்பி வந்தேன். நாலு மாதம் ஜெயித்தவன் கோயில் ரசத்துக்குப் பயப்படுகிறான் என்று யாரிடம் சொல்வது?

அதனால் இன்று பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். எங்கள் சபையில் அப்படி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் ஏதோ தப்பு செய்திருக்கிறான். அதை யோசிக்காதது என் மடத்தனம்.

வீட்டுக்கு வந்ததும் அஜிதா கேட்டாள், “எத்தன நாளா?”

“என்னது?”

“குடி.”

வந்ததே கோபம். நூற்றைம்பத்தாறு நாள்! தெனமும் மோந்து பாத்தாளே, அப்ப மூக்கு அடச்சா கெடந்துது? ஷூவை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினேன். தூரம் பார்க்கவில்லை.

9 ஜூலை

மழை. வெட்டு இல்லை. அஜிதா பேசுவதில்லை. மணம் பிடிக்க மட்டும் வருகிறாள்.

10 ஜூலை

இன்றும் மழை. வெட்டுக்காரனுக்கு மழை நாள்தான் கண்டம். வேலையும் கிடையாது, ஓடவும் முடியாது.

தங்கப்பன் குடையோடு வீட்டுக்கே வந்துவிட்டான். “நீ குடிச்சாலும் குடிக்கல்லேன்னாலும் ஒனக்கு ஒரே பேருதான் மக்கா. பின்ன என்னத்துக்கு சும்மா காயிற?”

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயம். சட்டையை எடுத்து மாட்டினேன். பொத்தானும் போட்டாச்சு. அப்புறம் — பேரா? நூத்தியறுவது நாளு பேருக்காவா இருந்தேன்? எனக்காவல்லியா இருந்தேன்?

அவனை அனுப்பிவிட்டு அடுக்களைக்குப் போனேன். அஜிதா சாளை கழுவிக்கொண்டிருந்தாள்.

“திருவிருந்துப் பாத்திரம் மணக்குது அஜிதா. போன மாசம் ஒரு வாய் குடிச்சிட்டு, சாயங்காலம் கடைக்க முன்ன போய் நின்னேன். உள்ள போவல்ல. அந்தப் பேடியில, பயத்துலதான் எழும்பல்ல.”

மீனைக் கீழே வைத்தாள். “இத அன்னைக்கே சொல்லப்பிடாதா மனுசா?” என்று அழுதாள். நானும்தான் அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்.

13 ஜூலை

இரண்டு பேருமாகப் போய்ப் போதகரைப் பார்த்தோம். “அப்பத்த மட்டும் வாங்குங்க. அதுல ஒரு குறையும் இல்ல,” என்றார். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பாடு?

வழியில், சபை பார்க்குமே என்றேன். “பாக்கட்டும். நீங்க ரோட்டுல கெடந்தப்பமும் பாத்தவங்கதானே,” என்றாள் அஜிதா.

22 ஜூலை

பன்னிரண்டு. வழி முழுக்கச் சாரல். சுகம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

முழங்காலிட்டேன், அஜிதா பக்கத்தில். அப்பம் வாங்கினேன். பாத்திரம் வந்தது, வேண்டாம் என்று தலையசைத்தேன். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். போதகர் அவளிடம் நகர்ந்தார். திடப்படுத்தல் எடுத்து முதன்முதலாக அப்பம் வாங்கிய நாளிலிருந்து ஒரு திருவிருந்தைக்கூட விடாதவள். அவளும் தலையசைத்தாள்.

வெளியே வந்து, “நீ எதுக்கு விட்ட?” என்றேன்.

“ஒங்க பக்கத்துல கெடக்கப்பட்டவளுக்க வாயும் மணக்கப்பிடாது, கேட்டியளா,” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

சாயங்காலம் பேச்சிப்பாறை. அணையைத் தொட்டுத் திரும்பினேன். பதினாறு, நிற்காமல். கடை முன்னாலிருந்து தங்கப்பன் கை காட்டினான். நானும் காட்டினேன்.

வீட்டு வாசலில் யாரும் நிற்கவில்லை. துண்டு கொடியில் கிடந்தது. நானே எடுத்து முகத்தைத் துடைத்தேன். அடுக்களையிலிருந்து சத்தம் மட்டும் வந்தது: “ஷூவ வெளிய ஊரிப் போடுங்க, ஒரே சகதி.”