வாப்பாவின் அரைநிலாப் பூட்டு

என் செல்ல வாப்பாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சலாமை அங்கிருந்தே சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு புகார். உங்கள் கடைக்குள் இருப்பதே நாலு பயணப் பை, ஒரு பழைய மின்விசிறி. இதைக் காப்பாற்றவா துபாயிலிருந்து அப்படியொரு பூட்டைத் தூக்கி வந்தீர்கள்? திருடன் உள்ளே போயிருந்தால் பரிதாபப்பட்டு எதையாவது வைத்துவிட்டுத்தான் வந்திருப்பான்.

உங்கள் மறைவுக்காக வீட்டுக்குள்ளேயே இருந்த இத்தா முடிந்து உம்மா வெளியே வந்துவிட்டார்கள். அந்த நாலு மாதம் பத்து நாளும் அவர்களுக்கு ஒரே யோசனை: தையல் மெஷினை உங்கள் கடையில் போட்டு உட்காருவது. ஆனால் ஷட்டரில் உங்கள் பூட்டு. சாவி எங்கே என்று சொல்லாமலே போய்விட்டீர்களே, அவ்வளவு அவசரமா?

உங்கள் தம்பி, அதாவது நம்ம சாச்சா, வீட்டிலிருந்த எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்தார். அப்புறம் தேங்காய் எண்ணெயை ஊற்றினார். கடைசியில் சாவிக்கடைக்காரரைக் கூட்டி வந்தார். இதற்குச் சாவி செய்யத் தன்னிடம் வசதி இல்லை, அறுத்துவிடலாம் என்று அவர் அறுக்கும் மெஷினை எடுத்தார்.

உம்மா மெதுவாகச் சொன்னார்கள்: "அறுக்க வேணாங்க. அவங்க கையால பூட்டுனது."

நான் குனிந்து, போன் டார்ச்சை அடித்துத் துளையைப் பார்த்தேன். வழக்கமான கீற்று இல்லை; அரைநிலா.

"சாச்சா, பிறை தெரிஞ்சிருச்சு."

"வெளையாடுற நேரமாடி இது?"

விளையாட்டில்லை. அந்த வடிவத்தை உம்மாவின் பிஸ்கட் டப்பாவில் பார்த்திருக்கிறேன். பாபினுக்கும் ஊசிக்கும் நடுவே, நெடுக்கில் பிளந்த கம்பி மாதிரி ஒன்று. எலி கடித்ததுபோல் அங்கங்கே சாய்வான வெட்டு. நீங்கள் போன பிறகு உங்கள் சட்டைப்பையில் கிடந்ததை மெஷின் உதிரி என்று உம்மாதான் எடுத்துப் போட்டிருந்தார்கள். சாவி என்றால் பல் இருக்க வேண்டாமா? சைக்கிளில் பறந்து போய் எடுத்து வந்தேன்.

பாதி நுழைந்து நின்றுவிட்டது. இது இல்லை என்றார் சாச்சா. இதுதான் என்றார் சாவிக்கடைக்காரர். உள்ளே ஸ்பிரிங் கிடையாதாம். காசு அடுக்கியதுபோல் தட்டுகள், ஒவ்வொன்றும் தன் வெட்டுக்கேற்பத் திரும்பினால்தான் திறக்குமாம். கடல்காற்றுக்கே மசியாத பூட்டைச் சாச்சாவின் எண்ணெயும் தெருப்புழுதியும் சேர்ந்து களியாக்கியிருந்தன. சாவிக்கடைக்காரர் பெட்ரோல் விட்டுக் கழுவினார். அப்போதும் பாதிதான்.

நீங்கள் எப்படித் திறப்பீர்கள்? சாவி உங்கள் உள்ளங்கைக்குள் மறைந்திருக்கும். கையசைவு மட்டும்தான் எனக்குத் தெரியும். முதலில் இடப்பக்கம் மெல்ல ஓர் ஆட்டு. பூட்டுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறீர்கள் என்று கிண்டல் செய்வேனே, அதையே செய்தேன். உள்ளே தட்டுகள் வரிசைக்கு வந்தன. சாவி முழுசாக இறங்கி, திரும்பியது. உம்மா சிரித்தார்கள், வாப்பா. எத்தனை நாளைக்குப் பிறகு தெரியுமா?

ஷட்டரைத் தூக்கினால், உள்ளே ஆணியில் தொங்குகிறது மாற்றுச் சாவி! அதை உள்ளேயே வைத்துப் பூட்டிய உங்களை நான் என்ன சொல்ல? குறும்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று சாச்சா இனிக் கேட்கவே மாட்டார்.

இப்போது ஒன்று உம்மாவிடம், ஒன்று என்னிடம். மெஷின் வாசல் பக்கம், வெளிச்சத்தில். முதல் ஜாக்கெட்டும் தைக்க வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் நான்தான் கடையைத் திறந்து வைப்பேன், முதலில் இடப்பக்கம் ஆட்டி. எண்ணெய்ப் பாட்டிலோடு சாச்சாவைப் பூட்டுப் பக்கம் அண்டவிட மாட்டேன். சத்தியம்.

உங்கள் கைப்பழக்கத்துக்கு வாரிசான மகள்,
நஸீமா