பதினேழு மாடியும் ஒரு பனியனும்

மார்ச் 4
எதிரே பதினேழாவது மாடியும் எழும்பி, ஆள்களும் குடிவந்தாயிற்று. நாலு மாடிக்கு மேல் அறியாத எங்கள் ஷுப்ரா சந்தில் இது நிற்கும் லட்சணம்! கூப்பிடாமலே கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவன் மாதிரி. பெயர் ‘சொர்க்க கோபுரம்’. சொர்க்கத்தில் மூன்றாம் மாடிக்கு மேல் தண்ணீர் ஏறாதாம். எங்கள் பால்கனிக்கு வெயில் போயிற்று. முந்தாநாள் துவைத்த பனியன் இன்னும் ஈரம்.

மார்ச் 9
காப்பிக்கடையில் என் வாய் நீண்டுவிட்டது. “அந்தக் கோபுரக் கோழிக்கூண்டுல நான் கால் வச்சா என் பொண்டாட்டி தலாக்!” எல்லோரும் கைதட்டினார்கள். மார் நிமிர்த்தி வந்தேன், கழுதை.

மார்ச் 20
மகள் ரிஹாமுக்கு நிச்சயித்த ஹுசாம் வீடு வாங்கிவிட்டான். வீடில்லாமல் பெண் இல்லை என்று மூன்று வருஷம் அவனை விரட்டியவன் நான்தான். எங்கே வாங்கினான்? எதிரே. பதினோராம் மாடி.
“உங்க பொண்ணு உங்க கண்ணெதிர்லயே இருப்பா, மாமா!”
என் மனைவி இன்ஸாஃபுக்குக் காப்பிக்கடைச் சத்தியம் எட்டிவிட்டது. “ஒரு டீ குடிக்கிற நேரத்துல முப்பது வருஷத்த தூக்கிப் போட்டீங்களா? தெருவுலயே நில்லுங்க. நான் போறேன் எம் பொண்ணு வீட்டுக்கு.”

மார்ச் 21
இன்ஸாஃபிடமிருந்து அவிச்ச மொச்சை வந்தது, எண்ணெய் இல்லாமல்.

மார்ச் 24
பள்ளிவாசல் ஷேக் கேட்டார்: “பிரியணும்னு நெனச்சா சொன்னே?”
“பீத்திக்கச் சொன்னேன், ஷேக்.”
“அப்போ பத்து ஏழைக்குச் சோறு போடு. சத்தியம் கழியும். வாய்க்கும் ஒரு பூட்டு வாங்கு.”

மார்ச் 27
எங்கள் சந்தில் ஏழையே இல்லை! செருப்பு தைக்கும் ஃபத்ஹி எகிறுகிறான்: “யாரய்யா ஏழை? மொதல்ல உன் பனியனப் பாரு!”

மார்ச் 29
கிடைத்தார்கள். கோபுரத்துக் காவல்காரன் ஹம்தான், மனைவி, எட்டுப் பிள்ளைகள். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. நடைபாதையில் உட்கார்த்தி, இன்ஸாஃப் அரிசியும் பருப்பும் கலந்த கோஷரி பரிமாறினாள்.
“பதினேழு மாடியில ஒருத்தரும் சாப்பிட்டியான்னு கேட்டதில்லண்ணே” என்றான்.
நான் மட்டும் கேட்டேனா? எனக்குத் தலை பத்து வேண்டியிருந்தது.

ஏப்ரல் 12
கல்யாணம் முடிந்து ரிஹாம் வீட்டில் முதல் விருந்து. லிஃப்ட் செத்துக் கிடந்தது — வேறென்ன செய்யும்? பதினோரு மாடி ஏறினேன். ரிஹாமின் பால்கனியில் அத்தனை வெயில், எங்களிடம் திருடியது. பையிலிருந்த ஈரப் பனியனைக் கொடியில் போட்டேன். “அப்பா! விருந்துக்கு வந்தீங்களா, துணி காயவைக்க வந்தீங்களா?” அரைமணியில் காய்ந்தது.
இறங்கும்போது பார்த்தேன். கீழே படிக்கட்டுக் கம்பியில் எட்டுச் சின்னச் சட்டைகள், சொட்டச் சொட்ட.
அள்ளிக்கொண்டு மறுபடியும் பதினோரு மாடி. கோபுரம் கட்டினவனைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.