ஒரு வரி போடாமல் உள்ளே போகாது

பொட்டிக்காரா,

உன் ஹெட்போனைக் காதில் மாட்டினால் இன்னும் தைல வாசம் வருகிறது. பஞ்சில் ஊறிப்போயிருக்கிறது. உன் அடக்கம் முடிந்து உன் மகள் பஹ்ரைனுக்குத் திரும்பும்போது அதையும் லேப்டாப்பையும் என்னிடம் தந்துவிட்டுப் போனாள். அதே லேப்டாப்பில், ஒரு விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி இதை எழுதுகிறேன். ஆமாம், நானேதான்! நீ போன பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து படித்தேன். நீ விட்டுப்போன வரிகளைப் படிக்கத்தான்.

எலக்ட்ரீஷியன் வேலை முடித்து வளைகுடாவிலிருந்து நீ வந்தபோது இந்தப் பழக்கமும் கூட வந்தது. பாட்டுப் பதிகிற மென்பொருள் ஒன்று. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அதன் உள்வேலையையும் பார்க்கலாம். கூடவே, செய்த மாற்றங்களை எல்லாம் வரிசையாகச் சேர்த்துவைக்கிற கிட் (Git) என்று இன்னொன்று. அருமனையில் நீ ஆர்மோனியப் பொட்டி வாசித்துப் பாடுவாய். ரப்பர் வெட்டு முடித்து வந்து நான் டோலக் அடிப்பேன். முட்டத்திலிருந்து சேவியர் கித்தார் சேர்த்து அனுப்புவார். யார் எதை மாற்றினாலும் பழையது அழியாது. ஆனால் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதினால்தான் உள்ளே போகும்.

அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. "நீயே எதையாவது எழுதிப் போடுடே" என்பேன்.

"அடிச்சது நீ. காரணமும் நீதான் சொல்லணும் மக்கா. நான் எழுதுகேன்."

ஒருநாள் நீ தாளத்தை முந்தி ஓடினாய். எரிச்சலில் சொன்னேன்: "பொட்டிக்காரன் ஓடுகான். நான் பிடிச்சு நிறுத்துனேன். எழுதுலே, பாப்போம்!"

நீ தட்டினாய். "போட்டாச்சி" என்றாய். நாசூக்காக வேறு ஏதோ எழுதியிருப்பாய் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

படிக்க வந்ததும் முதலில் தேடியது அந்த வரியைத்தான். என் பெயருக்கு நேரே, ஒரு சொல் மாறாமல் இருந்தது. அதற்கு மேலே, புது வரி வருகிற இடத்தில், மறுநாள் தேதியில், உன் பெயரில்: "அவன் சொன்னது சரி. மெதுவாக வாசித்தேன்."

முகத்துக்கு நேரே ஒருநாளும் இதை நீ ஒத்துக்கொண்டதில்லையே! நான் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவன் பேரில் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். நீ என் வசவைக்கூடத் திருத்தவில்லை.

சில மாதங்களுக்கு முன் வந்த புது வரியையும் நானே படித்தேன். சேவியர் போட்டது: "அண்ணனின் மூச்சிரைப்பு கேட்கிறது. அந்தச் சரணத்தை நான் பாடியிருக்கிறேன்." ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நீ கடைசியாகப் பாடிய பாட்டு அது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபை விழாவில் எல்லாரும் கேட்க இருந்தது. போட்டுக் கேட்டேன். சேவியர் நன்றாகத்தான் பாடியிருந்தார். ஆனால் அதில் நீ இல்லை.

சேவியரைப் போனில் கூப்பிட்டேன். "அந்த மூச்ச எதுக்கு வெட்டுனே?"

"கேக்குதவங்க சங்கடப்படுவாங்களே, அண்ணே."

"ரெண்டாவது வரியில அவன் மூச்செடுக்கான். நான் ஒரு அடி அடிக்காம காத்து நிக்கேன். அந்த மூச்ச வெட்டிட்டா நான் தாளம் தப்புனவன் மாதிரில்லா இருக்கு. கேக்கியா?"

அவர் அந்த இடத்தைப் போட்டுக் கேட்பது போனில் எனக்கும் கேட்டது. "ஆமாண்ணே. பழையதயே திரும்பக் கொண்டுவந்திருவோம். ஆனா ஒரு வரி போடணும். அவருக்க சட்டமாக்கும். நீங்க சொல்லுங்க, நான் எழுதுகேன்."

"வேண்டாம். நானே எழுதுகேன்."

எழுதி முடிப்பதற்குள் கட்டன் சாயா ஆறிப்போனது. "அவன் மூச்செடுத்தான். நான் காத்திருந்தேன். இரண்டும் வேண்டும்." பக்கத்தில் என் பெயர். சேவியர் பாடியதும் அழியவில்லை. கீழே அவர் வரியோடு அப்படியே இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை உன் மூச்சு சபை முழுக்கக் கேட்டது. யாரும் சங்கடப்படவில்லை.

இப்போது சபையில் அந்தப் பாட்டைப் பாடுகிறவருக்கு நல்ல மூச்சு. ஆனாலும் அந்த இடம் வந்தால் என் கை ஒரு அடி நின்றுவிடுகிறது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். நான் வாயால் சொல்வதில்லை. ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்குகிறேன்.