படம் இல்லாத ஐம்பத்திரண்டு விநாடி

மார்ச் 3, செவ்வாய்

டாக்டரம்மா இன்றும் அதையேதான் சொன்னார்: "வலிப்பு எப்படி ஆரம்பிக்குதுன்னு பார்த்தாத்தாம்மா மருந்தை மாத்த முடியும்." பார்க்க வீடியோ இருக்கிறது. போன வாரம் பாப்பாவுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் எடுத்தது, ஐம்பத்திரண்டு விநாடி. ஆனால் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் லிங்க்கைத் திறந்தால் சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பு. அடுத்த செவ்வாய்க்குள் சரிசெய்யாவிட்டால் இதே மாத்திரைதான் — எட்டு வயதுப் பிள்ளையை வகுப்பில் தூங்க வைக்கிற மாத்திரை.

போனில் இல்லையா என்றேன். தொலைந்துவிடக் கூடாதென்று கிளவுடில் ஏற்றிவிட்டு, இடம் காலியாகட்டும் என்று போனில் அழித்துவிட்டாராம். கெட்டிக்காரர். பிள்ளை துடிக்கும்போது போனைத் தூக்கியவர்தானே. நான் மட்டும் அன்று வீட்டில் இருந்திருந்தால்?

மார்ச் 4

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே கறுப்பு; பிரௌசரை மாற்றினேன். சேர்ந்திருந்த பழைய குப்பையை அழித்தேன். கறுப்பு.

மார்ச் 5

கிளவுடு கம்பெனிக்கு எழுதினேன். சற்று நேரம் கழித்து முயலச் சொல்கிறார்கள். யாரிடம்! நான் விடுகிற ஆள் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு, அந்தச் சத்தத்தை முதல் தடவையாக முழுதாகக் கேட்டேன். இதுவரை கறுப்பைப் பார்த்ததும் நிறுத்திவிடுவேன்.

இவர் எண்ணுகிறார். எத்தனை விநாடி என்று கவனிக்கச் சொன்னார்களே, அதற்காக. "ஒன்பது... பத்து... அப்பா இங்கதான்டா இருக்கேன்... பதினொண்ணு..." தலையணையை இழுத்து வைக்கிற சத்தம். முப்பத்தொன்றை மூன்று தடவை சொல்கிறார். அழுதுகொண்டே எண்ணியிருக்கிறார் மனுஷன். பிள்ளையைப் பிடிக்காம படமா எடுத்தீங்கன்னு நான் என்னவெல்லாம் பேசிட்டேன்...

மார்ச் 7, சனி

எதிர்க்கடை ஸ்டூடியோக்காரரிடம் போனேன். தெருவே அவரை 'ஃபோகஸ்' என்றுதான் கூப்பிடும். கிளவுடுக்குள்ளேயே வைத்துப் பார்க்காதீர்கள், முழுசாக இறக்குங்கள் என்றார். இடம் மிச்சம் பிடிக்கப் புதுப் போன் படத்தை இறுக்கிச் சுருட்டி வைக்குமாம். பழைய கம்ப்யூட்டருக்கு அதைப் பிரிக்கத் தெரியாதாம். இறக்கி அவர் மெஷினில் போட்டால் — படம்! சாதாரண எம்பி4 ஆக மாற்றித் தந்தார்.

மறுபடி ஏற்றினேன். 'தயாராகிறது' என்று இரண்டு மணி நேரம் சுற்றியது. பிறகு நூலகத்துக்குப் போய், இருப்பதிலேயே ஓட்டைக் கம்ப்யூட்டரைத் தேடி உட்கார்ந்தேன். ஓடியது.

கண்ணை மூடாமல் பார்த்தேன். முதலில் மடங்குவது இடது கட்டைவிரல்.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரம்மா நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். "இடது கையிலதான் தொடங்குது. இது நாம நினைச்ச வகை இல்லம்மா." புது மருந்து எழுதினார். இவ்வளவு ஆடாமல் யார் எடுத்தது என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்தார்.

"இவர்தான் எடுத்தாரு, டாக்டர்," என்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நடுவில் ஒருமுறை லேசாக வந்தது. அதன் பிறகு இல்லை.

இன்று பாப்பாவைத் தனியாகக் குளிக்க விட்டோம். கதவைத் தாழ் போடாதே என்று மட்டும் சொன்னேன். உள்ளே ஒரே பாட்டு. வெளியே நாங்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் கை என் கையில் இருந்தது. தலை துவட்டிக்கொண்டே வந்தவள், "ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?" என்றாள்.

சும்மாதான் என்றார் அவர்.