மழைக்காலத்து மைலேஜ்

2008 நவம்பர் 3, திங்கள்
விடாத மழை. கடலூரிலிருந்து சிதம்பரம் கல்லூரிக்கு வழக்கம்போல் கார். டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர். சித்திரையில் பதின்மூன்று கொடுத்த வண்டி.

என் வீட்டுக்காரர் இதற்குத்தான் காத்திருந்தார் போல. "மழ வந்தா குடிக்க ஆரம்பிச்சிடுது. அண்ணாகிராமம் மாமா வண்டிய வெலைக்குக் கேக்குறாரு. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறேங்கறாரு."

பெட்ரோல்தான் காரணம் என்றேன். அதில் கரும்பு ஆலை ஸ்பிரிட்டைக் கலக்கிறார்கள். ஸ்பிரிட் எரிந்தால் சூடு கம்மி, மழையில் ஈரத்தை வேறு இழுக்கும். பழைய கார்புரேட்டருக்கு ஒத்துக்கொள்ளாது. கெமிஸ்ட்ரி டீச்சர் சொன்னால் மறுபேச்சு உண்டா? இவரிடம் உண்டு.

"பெட்ரோல மாத்த முடியாது. அப்ப வண்டியத்தான மாத்தணும்?"

நவ. 4, செவ்வாய்
தூறல். கார் தரையில் துருப்பிடித்த ஓட்டை வழியே மறுபடி தண்ணீர். சாப்பாட்டுக் கூடை அதன் மழைக்கால இடத்தில், டேஷ்போர்டுக் குமிழில். சுரைக்காய் கூட்டு. உப்பு கம்மி.

லேபில் கணக்குப் போட்டேன். நூற்றுக்கு ஐந்து ஸ்பிரிட் என்றால் மைலேஜ் ஐம்பதில் ஒரு பங்குகூடக் குறையாது. எனக்குக் குறைந்திருப்பது ஐந்தில் ஒன்று. தாளைக் கிழித்துப் போட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

நவ. 7, வெள்ளி
அப்பா போன். கடல் சரியில்லை, மீன் பிடிக்க யாரும் போகவில்லையாம். "ஞாயித்துக்கெழம வண்டிய கொண்டா புள்ள, ஒரு சுத்து போவலாம்." முன்சீட்டில் கண்ணாடியை இறக்கி உட்காருவார். வழியில் வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசுவார். எங்கள் குப்பத்தில் கார் ஓட்டிய முதல் பெண் நான், இந்த வண்டியில்தான். இது போனால் அழுவேன்.

நவ. 8, சனி
வெயில். புவனகிரி மெக்கானிக் பாயிடம். ஸ்பிரிட் கதையைச் சொன்னேன். ப்ளக்கைக் கழற்றிக் காட்டினார்.

"ஸ்பிரிட்டு கலந்தா ப்ளக்கு வெளுக்கும் டீச்சர். இது அடுப்புக்கரியாட்டம் இருக்கு. பெட்ரோல் ஜாஸ்தியா எறங்குது. சோக்க இழுத்தே வச்சி ஓட்டுறீங்களா?"

"காலைல ஸ்டார்ட் பண்றப்ப மட்டுந்தான்."

ஓட்டிப் பார்க்க ஏறியவர் கூடையைக் குமிழிலிருந்து எடுத்தார். குமிழைத் தள்ளினார். இரண்டு விரல் அளவு உள்ளே போனது. குளிரில் ஸ்டார்ட் ஆகப் பெட்ரோலைக் கூட்டிவிடும் அதே சோக்.

தினமும் ஸ்டார்ட் ஆனதும் நானே அதை உள்ளே தள்ளுவேன். தள்ளிய கையோடு கூடையை மாட்டுவேன். சோறு நனையக் கூடாதே. கூடை அதை வழியெல்லாம் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. மூன்று மழைக்காலமாக.

பாய் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஓட்டைக்குத் தகரம் அடித்துக் கொடுத்தார்.

நவ. 9, ஞாயிறு
மாமா வருவதற்குள் இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், கிழித்த தாள் உட்பட. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலிலேயே மாமாவிடம், "வண்டி குடுக்கறதுக்கில்ல மாமா. அதுக்கு ஒண்ணுமில்ல, டீச்சருக்குத்தான் ரிப்பேரு." மாமா காபி குடித்துவிட்டுப் போனார்.

மதியம் அப்பாவோடு ஒரு சுற்று. கூடை அவர் மடியில்.

நவ. 14, வெள்ளி
மறுபடி மழை. கார் தரை காய்ந்திருக்கிறது. டேங்க் நிரப்பிப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால்.

பதின்மூன்றுக்குக் கால் கிலோமீட்டர் இன்னும் குறைகிறது. அது பெட்ரோல்தான். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.