ஒன்று என்று சொன்னேன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், என் பெண் எல்லோரும் நலமா? முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி இறங்காதே. சொன்னால் கேட்கவா போகிறாய்.

முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் எங்கேயும் ஒன்றுதான். முன்பு வேலை பார்த்த நாட்டில் சைகையாலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். இங்கே ஜப்பானிய மொழி என்னைப் படுத்தி எடுக்கிறது. எத்தனை என்று கேட்க 'இகுத்சு' என்பார்கள். தலையணை இகுத்சு, டம்ளர் இகுத்சு. ஒன்று என்றால் 'ஹிதொத்சு'. அதை வைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், தையல்காரராக இருந்தவர். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. நான் கிளம்பும்போது எடுத்த பாப்பா படம் என் போன் திரையில் இருக்கிறதே, அதைப் பார்த்து "இகுத்சு?" என்றார். எத்தனை பிள்ளை என்கிறாராக்கும் என்று, "ஹிதொத்சு" என்றேன். போன வாரம் கையாலேயே தைத்த மஞ்சள் கவுன் ஒன்றை நீட்டினார். இரண்டு கையையும் விரித்தால் மூடிவிடலாம், அவ்வளவுதான் இருந்தது.

நம் மொழி பேசும் நர்ஸ் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "வயசு கேக்கவும் அதே வார்த்தைதான்க்கா. ஒரு வயசுன்னு சொல்லி வச்சிருக்கீங்க!" நானும் சிரித்தேன்.

அவரிடமே போய், ஆறு வயது, 'முத்சு' என்றேன். கோபமே இல்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, எவ்வளவு உயரம், கையால் காட்டு என்று சைகை செய்தார். இடுப்பருகே வைத்தேன். இருக்காது என்று உயர்த்தினேன். மறுபடி தாழ்த்தினேன். போனில் முகம் மட்டும்தானே தெரிகிறது, அக்கா? நான் கிளம்பும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெரியவர் என் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

தோள், மார்பு, உயரம் மூன்றும் அளந்து அனுப்பு. வளரும் பிள்ளை, கொஞ்சம் தாராளமாகவே சொல்.

இன்னொன்று. போன ஞாயிறு அவள் உன்னை அம்மா என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. நீ பதறிப்போய், "பெரியம்மான்னு சொல்லுடி" என்று அதட்டியதும் விழுந்தது. அதட்டாதே, அக்கா. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். நான் பேசும்போது மட்டும் போனை அவள் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்திரு. அவள் ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

என்றும் உன்,
தங்கை